24 பிட் இருந்தும் தராசின் பூஜ்யம் ஏன் நகர்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 10 கிலோ லோடு செல் (பாரத்தை மின் சிக்னலாக மாற்றும் உலோகக் கட்டை), அந்த சிக்னலைப் பெருக்கி எண்ணாக மாற்றும் ஹெச்எக்ஸ்711 சிப் உள்ள மாட்யூல், அதைப் படிக்க ஒரு இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் வைத்து எலக்ட்ரானிக் தராசு செய்திருக்கிறீர்கள். காலையில் டேர் போட்டால் (காலித் தட்டின் எடையைக் கழித்துவிட்டால்) பூஜ்யம் காட்டுகிறது. மதியம் தட்டு காலியாக இருக்கும்போதே 7, 8 கிராம் காட்டுகிறது. கடைசி இலக்கம் ஒரு நிலையில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சிக்னல் சரியாகத்தான் இருக்கிறது. ஹெச்எக்ஸ்711-இன் 24 பிட் போதவில்லையோ, 32 பிட் ஏ.டி.சி. (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்க வேண்டாம். ஆனால் அந்தப் பதிலோடு விட்டால் உங்களுக்கு உபயோகம் இல்லை. இந்தச் சுற்றில் ஒரு கிராம் என்பது எவ்வளவு பெரிய விஷயம், அதை எதெல்லாம் கலைக்கும் என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது. எடை, அழுத்தம் அளக்கிற கருவிகளுக்கு போர்டு அசெம்பிள் செய்து, சோதித்து, காலிபரேஷனுக்கு (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதற்கு) அனுப்புகிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். லோடு செல் தயாரிப்பு என் துறை இல்லை. செல்லுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வதை அதன் டேட்டாஷீட்டோடு (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். போர்டு பற்றிச் சொல்வதை அப்படியே நம்பலாம்.

கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் செல் 2 மில்லிவோல்ட் பெர் வோல்ட் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். 5 வோல்ட் கொடுத்தால், 10 கிலோ முழுப் பாரத்துக்கு அது தரும் சிக்னல் 10 மில்லிவோல்ட். அதை 10,000 கிராமால் வகுத்தால் ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட். (பல மாட்யூல்களில் 5 வோல்ட் கொடுத்தாலும் செல்லுக்குப் போய்ச் சேருவது 4.2, 4.3 வோல்ட்தான். அப்போது ஒரு கிராம் இன்னும் கொஞ்சம் சிறுத்துவிடும்.) இதையே மின்தடையாகப் பாருங்கள். செல்லுக்குள் 350 ஓம் ஸ்ட்ரெய்ன் கேஜ் (இழுபட்டால் மின்தடை மாறும் மெல்லிய பட்டை) நான்கு, வீட்ஸ்டன் பிரிட்ஜாக (சிறிய தடை மாற்றத்தை வோல்டேஜாகக் காட்டும் சதுரச் சுற்றாக) கட்டப்பட்டிருக்கின்றன. முழுப் பாரத்தில் ஒவ்வொரு கேஜும் மாறுவது சுமார் 0.7 ஓம். ஒரு கிராமுக்கு 70 மைக்ரோ ஓம். போர்டில் ஓடுகிற 35 மைக்ரான் காப்பர் டிராக், ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளம் ஓடினாலே அரை மில்லி ஓம் ஆகிவிடும். அதாவது நீங்கள் தேடுகிற ஒரு கிராம், கண்ணுக்குத் தெரிகிற மிகச் சின்ன காப்பர் துண்டைவிடப் பல மடங்கு சின்னது.

இந்தக் கணக்கு தெரிந்தால் மல்டிமீட்டரின் சாட்சியம் ஏன் செல்லாது என்பதும் தெரிந்துவிடும். சாதாரண 2000 கவுன்ட் (2000 படி காட்டும்) மீட்டர் 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் 0.1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே காட்டாது. 0.1 மில்லிவோல்ட் என்றால் உங்கள் தராசில் 100 கிராம். துல்லியக் கணக்கு அரை சதவீதமும் மூன்று கவுன்ட்டும் என்று வைத்தால், 10 மில்லிவோல்ட்டில் பிழை 0.35 மில்லிவோல்ட் வரை போகலாம். அது 350 கிராம். லேபில் வைக்கிற ஆறரை இலக்க மீட்டர் என்றாலும் கவனம் வேண்டும். ஹெச்.பி. 34401ஏ-யின் 100 மில்லிவோல்ட் ரேஞ்சில் ஒரு வருடக் கணக்கில் ரீடிங்கின் 0.005 சதவீதமும் ரேஞ்சின் 0.0035 சதவீதமும் பிழை அனுமதி. ரேஞ்சுக்கான பங்கு மட்டுமே 3.5 மைக்ரோவோல்ட் ஆகிறது. புரோபுகளை ஷார்ட் செய்து, அப்போது வருகிற எண்ணை நல் பட்டனால் கழித்தால் குறையும், ஆனால் மீட்டரைத் தொட்டவுடன் வருகிற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே மல்டிமீட்டரில் சரியாக இருக்கிறது என்பதிலிருந்து தெரிவது வயர் அறுந்துபோகவில்லை என்பது மட்டும்.

அப்புறம் பிட் விஷயம். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். இந்த சிப் 128 மடங்கு பெருக்கத்தில் ஏற்கும் சிக்னல் கூட்டியும் குறைத்தும் 20 மில்லிவோல்ட். அதை அத்தனை படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 2.4 நானோவோல்ட். ஆனால் விநாடிக்கு 10 சாம்பிள் எடுக்கும்போது சிப்பின் சொந்த இரைச்சலே 50 நானோவோல்ட் ஆர்.எம்.எஸ். (ஒரு வகைச் சராசரி) என்று அதன் டேட்டாஷீட்டில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் அதில் ஆறேழு மடங்கு, அதாவது சுமார் 0.33 மைக்ரோவோல்ட், ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. கடைசிப் பல பிட்கள் எப்போதும் ஆடத்தான் செய்யும், அது பழுது இல்லை. 16 ரீடிங்கைச் சராசரி எடுத்தால் இந்த ஆட்டம் நான்கில் ஒன்றாகக் குறையும். உங்கள் இலக்கம் ஒரு கிராமுக்கு மேல் ஆடுகிறது என்றால் வேறு ஏதோ உள்ளே வருகிறது. மாட்யூலில் ரேட் பின் (சாம்பிள் வேகத்தைத் தீர்மானிக்கும் கால்) கிரவுண்டில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விநாடிக்கு 10 சாம்பிள், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குறுக்கீட்டை ஃபில்டரே விழுங்கிவிடும். 80-க்கு மாற்றியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இன்னொன்று, இஎஸ்பி32-இன் வைஃபை. அது அனுப்புகிற நேரத்தில் ரீடிங் துள்ளினால், ஆன்டெனாவை செல் வயரிலிருந்து தள்ளி வையுங்கள், இன்புட் இரண்டிலும் கிரவுண்டுக்கு ஒரு நானோ ஃபாரட் சி0ஜி வகை செராமிக் கப்பாசிட்டர் போடுங்கள். கையில் கிடைக்கிற ஏதோ ஒரு செராமிக்கைப் போடாதீர்கள். எக்ஸ்7ஆர் வகை தட்டினாலே வோல்டேஜ் கொடுக்கும்.

ஆனால் சராசரி எடுப்பதால் மதியத்து 8 கிராம் குறையாது. ஆட்டம் வேறு, நகர்வு வேறு. நகர்வில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நகர்வது பூஜ்யமா, ஸ்பேனா (பாரத்துக்கு ஏற்ப எண் ஏறுகிற விகிதமா)? தட்டு காலியாக இருக்கும்போது 8 கிராம் காட்டி, 5 கிலோ வைத்தால் 5008 காட்டினால் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. காலியில் சரியாக இருந்து 5 கிலோவில் மட்டும் தவறினால் ஸ்பேன் நகர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணங்கள் வேறு. உங்களுக்கு ஆறு வயர் இணைப்பு (செல்லுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜை அளக்கக் கூடுதலாக இரண்டு வயர்) போடச் சொல்லி ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அது நல்ல முறைதான், நீளமான கேபிளுக்கு அவசியமும்கூட. ஆனால் அது தீர்ப்பது ஸ்பேன் பிரச்சினையை. கேபிளின் தடை செல்லுக்குப் போகிற வோல்டேஜைக் கொஞ்சம் தின்கிறது. மெல்லிய 28 கேஜ் வயரில் 2 மீட்டர் நீட்டினால் போகவர 0.85 ஓம், 350 ஓமில் கால் சதவீதம். அது காலிபரேஷனில் சரியாகிவிடும்; வெயிலில் காப்பர் 10 டிகிரி சூடானால் மறுபடி மாறுவது முழுப் பாரத்துக்கு ஒரு கிராம் அளவில்தான். காலித் தட்டில் 8 கிராம் வருவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நான்கு வயர் செல்லோடு வருகிற கேபிளை நறுக்காதீர்கள். அந்த நீளத்தோடு சேர்த்துத்தான் ஃபேக்டரியில் சரிபார்த்திருக்கிறார்கள்.

பூஜ்யத்தை 8 மைக்ரோவோல்ட் நகர்த்தக் கூடியவை என்று பார்த்தால் என் சந்தேகம் மூன்று இடத்தில். முதலாவது செல்லேதான். சந்தையில் கிடைக்கிற சாதாரண அலுமினிய பார் செல்களின் டேட்டாஷீட்டில், 10 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு பூஜ்யம் முழு அளவில் 0.05 முதல் 0.1 சதவீதம் வரை நகரலாம் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். உங்கள் செல்லுக்கு அது 5 முதல் 10 கிராம். காலைக்கும் மதியத்துக்கும் அறையில் 8, 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், உங்கள் 8 கிராமுக்கு இது ஒன்றே போதும். கூடவே, 5 வோல்ட் போட்டவுடன் பிரிட்ஜ் 70 மில்லிவாட் அளவுக்குத் தானே சூடாகிறது. சுவிட்ச் போட்டு அரை மணி நேரத்துக்குள் டேர் போட்டால் அந்த டேர் நிற்காது.

இரண்டாவது, தெர்மோ இ.எம்.எஃப்., அதாவது வெப்ப வித்தியாசத்தால் பிறக்கிற குட்டி வோல்டேஜ். இரண்டு வேறு உலோகங்கள் சேருகிற இடம் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தெர்மோகப்பிள். 1821-இல் சீபெக் கண்ட அதே விளைவுதான் உங்கள் டெர்மினலிலும் நடக்கிறது. காப்பரோடு ஈய சோல்டர் சேருகிற இடத்தில் டிகிரிக்கு ஒன்று முதல் மூன்று மைக்ரோவோல்ட். நன்றாகத் துடைத்து கிரிம்ப் செய்த காப்பர், காப்பர் ஜாயின்ட்டில் 0.2-க்கும் கீழே. காப்பர் ஆக்சைடு படிந்த வயர் என்றால் கதையே வேறு, டிகிரிக்கு 1000 மைக்ரோவோல்ட் வரை போகும். கறுத்துப்போன வயரைச் சுரண்டாமல் ஸ்க்ரூ டெர்மினலில் முறுக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லியே என் பாதி வேலை நேரம் போகிறது. இதில் முக்கியமானது வெப்பம் இல்லை, வெப்ப வித்தியாசம். சிக்னல் வருகிற ஏ பிளஸ், ஏ மைனஸ் இரண்டு ஜாயின்ட்டும் ஒரே சூட்டில் இருந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும், ரீடிங் அசையாது. நீங்கள் போட்ட படத்தில், சூடாகிற 7805 வோல்டேஜ் ரெகுலேட்டர் டெர்மினலின் ஒரு ஓரத்தை ஒட்டி நிற்கிறது. ஒரு ஜாயின்ட் இன்னொன்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தாலே சில கிராம் வந்துவிடும். ரெகுலேட்டரைத் தள்ளி வைத்து, டெர்மினலை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவால் மூடிப் பாருங்கள். ஃபேன் காற்று படாமல் இருந்தாலே பாதி மாறும்.

மூன்றாவது, போர்டின் மேல் நடக்கிற கசிவு. மாட்யூலின் பின்களைச் சுற்றி மஞ்சளாக, கொஞ்சம் வெள்ளையும் கலந்து, ஃப்ளக்ஸ் (சோல்டர் ஒட்ட உதவும் பசை) அப்படியே இருப்பது படத்திலேயே தெரிகிறது. செல்லுக்கு வோல்டேஜ் கொடுக்கிற ஈ பிளஸ் பேடுக்கும் ஏ பிளஸ் பேடுக்கும் இடையில் அந்த ஃப்ளக்ஸ் வழியாக 100 மெகா ஓம் தடை உருவாகிறது என்று வையுங்கள். 100 மெகா ஓம் என்றால் பெரும்பாலான மல்டிமீட்டர்கள் ஓப்பன் என்றே காட்டும். ஆனால் அதன் குறுக்கே 2.5 வோல்ட் இருக்கிறது, 25 நானோ ஆம்பியர் ஓடும். அது பிரிட்ஜின் 175 ஓம் வெளியீட்டுத் தடையில் விழுந்தால் 4.4 மைக்ரோவோல்ட். மல்டிமீட்டரால் பார்க்க முடியாத அழுக்கு 4.4 கிராம் எடை காட்டுகிறது. இந்தத் தடை ஈரத்தோடு மாறும். காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது பூஜ்யமும் கூடவே நகரும். மழை நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி காட்டுகிற தராசு என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஃப்ளக்ஸை எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நோ கிளீன் என்று டப்பாவில் போட்டிருக்கிற ஃப்ளக்ஸ், சரியான சூட்டில் முழுவதும் வெந்தால் கெட்டியாகி, உள்ளே இருக்கிற அமிலத்தைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதைத் தொடாமல் விட்டாலும் பெரும்பாலும் பாதகமில்லை. ஒரு துளி ஐ.பி.ஏ.யை (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊற்றி பிரஷ்ஷால் இரண்டு தேய் தேய்த்து விட்டால்தான் கெடுதல். பூட்டியிருந்தது கரைந்து, போர்டு முழுவதும் மெல்லிய படலமாகப் பரவி, காய்ந்து வெள்ளையாகிவிடும். வீட்டில் சாதம் வடித்த கஞ்சி சிந்தினால் காய்ந்த துணியால் லேசாகத் துடைப்பது மாதிரிதான், தரை முழுவதும் பிசுபிசுக்கும். ஒன்று தொடாதீர்கள், இல்லை முழுக்க எடுங்கள். முழுக்க எடுப்பது என்றால் சுத்தமான ஐ.பி.ஏ.யில் நனைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பின்களுக்கு இடையிலும் மாட்யூலுக்கு அடியிலும் தேய்த்து, அழுக்கான திரவம் அங்கேயே காய்வதற்குள் போர்டைச் சாய்த்துப் பிடித்துப் புது ஐ.பி.ஏ.யால் கழுவி விட வேண்டும். ஓடி வருகிற திரவம் நிறமில்லாமல் வருகிறவரை கழுவுங்கள். பிறகு 60, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வையுங்கள். அப்புறம் அந்த இடத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் உப்பும் கசிவுதான். எலக்ட்ரிகல் கடைகளில் சின்ன டப்பாவில் விற்கிற அமில வகை சோல்டர் பேஸ்ட்டைப் பயன்படுத்தியிருந்தால், கழுவுவதைவிட வேறு மாட்யூல் மாற்றுவது சுலபம். சிங்க் குளோரைடு மாதிரியான உப்பு சாலிடருக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் முழுக்க வெளியே வராது.

இந்த மூன்றில் உங்கள் வழக்கில் எது என்று இங்கிருந்து சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் நீங்களே கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. கோடில் டேரை எடுத்துவிட்டு, சிப் தருகிற, எதுவும் கழிக்காத மூல எண்ணை அப்படியே பாருங்கள். தட்டு காலியாக இருக்கும்போது ஒரு நிமிடச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாட்யூலில் ஈ பிளஸ், ஈ மைனஸ் வயர்கள் இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள். சிக்னல் வயர்களைத் தொடக் கூடாது. ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜின் சிக்னல் இப்போது தலைகீழாக வரும். சிக்னல் பாதையில் உள்ள தெர்மோ இ.எம்.எஃப்., போர்டின் கசிவு, சிப்பின் ஆஃப்செட் (சிக்னல் இல்லாதபோதும் காட்டுகிற எண்) இவை மூன்றும் மாறாமல் அப்படியே இருக்கும். இரண்டு எண்களின் வித்தியாசத்தில் பாதி செல்லின் பங்கு, கூட்டலில் பாதி போர்டின் பங்கு. (செல்லுக்குள் இருக்கும் ஜாயின்ட்களின் தெர்மோ இ.எம்.எஃப். போர்டின் கணக்கில் சேர்ந்துவிடும். அது பெரும்பாலும் சின்னது.) இதைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை செய்யுங்கள். எந்தப் பங்கு நகர்ந்திருக்கிறது என்பதை எண்ணே சொல்லிவிடும்.

போர்டின் பங்கு நகர்ந்திருந்தால், கசிவா சூடா என்று பிரிக்க வேண்டும். டெர்மினல் மேல் வாயை அகலமாகத் திறந்து ஒரு தடவை மெதுவாக மூச்சு விடுங்கள். ரீடிங் சட்டென்று சில கிராம் எகிறி, சில விநாடியில் திரும்பி வந்தால் கசிவு என்று சந்தேகிக்கலாம். மூச்சில் சூடும் இருக்கிறது என்பதால் இது முழு நிரூபணம் இல்லை. ஹேர் டிரையரை ஒரு முழம் தள்ளி வைத்துக் காய்ந்த சூட்டை அடித்துப் பாருங்கள். மூச்சுக்கு எகிறி, காய்ந்த சூட்டுக்கு எகிறாவிட்டால் கசிவு கிட்டத்தட்ட உறுதி. இரண்டுக்கும் ஒரே மாதிரி எகிறினால் தெர்மோ இ.எம்.எஃப். பக்கம் தேடுங்கள். சிப்பின் சொந்த நகர்வு டிகிரிக்குச் சில நானோவோல்ட் மட்டும், அதைச் சந்தேகிக்கத் தேவையில்லை. 32 பிட் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்கும் இதுதான் காரணம்.

செல்லின் பங்குதான் நகர்ந்தது என்றால், அதன் மெக்கானிக்கலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வயர் விறைப்பாகத் தட்டை முட்டுகிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, அடிப்பலகை மரமா என்பதெல்லாம். அதெல்லாம் சரி என்றால் செல்லின் மேல் ஒரு டெம்பரேச்சர் சென்சரை ஒட்டி, ஒரு நாள் முழுக்க பூஜ்யத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பதிவு செய்து, கோடில் கழித்துக்கொள்வது ஒரு வழி. நல்ல செல் வாங்குவது இன்னொரு வழி. வாங்கும்போது பெட்டியில் சி3 என்று போட்டிருந்தால் அதன் பொருள் முழு அளவை 3000 பிரிவாகப் பிரித்த துல்லியம். 10 கிலோ செல்லில் ஒரு பிரிவு 3.3 கிராம். செல் தயாரிப்பவரே அதற்குக் கீழே உத்தரவாதம் தரவில்லை. நீங்கள் ஒரு கிராம் எதிர்பார்க்கிறீர்கள்.

அப்படியானால் மளிகைக் கடைத் தராசு எப்படி நாள் முழுக்கப் பூஜ்யத்திலேயே நிற்கிறது என்று கேட்பீர்கள். அதுவும் நகரத்தான் செய்கிறது, உங்களுக்குக் காட்டுவதில்லை. தட்டு காலியாக இருக்கும்போது மெதுவாக நகர்கிற பூஜ்யத்தை சாஃப்ட்வேர் தானே இழுத்துப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டே இருக்கும். ஜீரோ டிராக்கிங் என்பார்கள். சட்ட அளவியலுக்கான சர்வதேச அமைப்பான ஓ.ஐ.எம்.எல்.-இன் ஆர்76 விதி இதற்கு வரம்பு வைத்திருக்கிறது: தராசு காட்டுகிற பிரிவில் விநாடிக்கு அரைப் பிரிவுக்கு மேல் திருத்தக் கூடாது. இல்லையென்றால் மெதுவாகக் கொட்டுகிற அரிசியையும் நகர்வு என்று நினைத்து விழுங்கிவிடும். நீங்களும் இதைப் போடலாம். உங்கள் தேவைக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். ஆனால் மேலே சொன்ன சோதனைகளை முடித்த பிறகு போடுங்கள். முதலிலேயே போட்டால் அழுக்கும் தெரியாது, 5 கிலோவை ஒரு மணி நேரம் தட்டில் வைத்திருக்கும்போது வருகிற நகர்வும் திருந்தாது. காலிபரேஷனை அந்த ஊரிலேயே செய்வதும் முக்கியம். லோடு செல் அளப்பது நிறையை இல்லை, விசையை. சென்னையைவிட டெல்லியில் புவியீர்ப்பு சுமார் 0.09 சதவீதம் கூடுதல், 10 கிலோவுக்கு 8, 9 கிராம் வரும். சமவெளியிலிருந்து ஊட்டிக்கு எடுத்துப் போனாலும் சில கிராம் குறையும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இத்தனையும் சரியாக இருந்தாலும் போதாது. எடையளவுச் சட்டப்படி அனுமதி பெற்ற மாடலாக, அரசு முத்திரை போட்ட தராசாக இருக்க வேண்டும்.

இப்போதைக்கு வயர் மாற்றிப் பார்க்கிற சோதனையின் நான்கு எண்களையும் (காலை இரண்டு, மதியம் இரண்டு), அந்த நேரத்து அறை வெப்பத்தையும், செல்லின் மேல் ஒட்டியிருக்கிற லேபிளின் படத்தையும் போடுங்கள். ஒரு கிராமுக்கு உங்கள் கோடில் எத்தனை கவுன்ட் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் அந்த எண்களைக் கிராமாக மாற்ற முடியாது.